தரங்கம்பாடியில் வீடு வாங்கலாமா? கடல் பார்த்த வீட்டுக்கு 5க்கு 2 மதிப்பெண்

தரங்கம்பாடிக்கு வீடு தேடி வருகிறவர்கள் தரகரிடம் முதலில் கேட்பது, "கடல் தெரியுமா?" என்றுதான். தெரியும். தெரிகிற வீட்டை வாங்காதீர்கள் என்பதுதான் எங்கள் கருத்து. இந்த ஊரில் வாங்கத் தகுந்த வீடு அலையிலிருந்து மூன்றாம் தெருவிலோ, அதற்கும் பின்னாலோ இருக்கிறது. கடல் காதில் விழ வேண்டும், கம்பியில் விழக் கூடாது.

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது புரியும். 1792ல் கட்டிய நகர வாயிலைத் தாண்டினால் ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகும். முடிவில் 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை. இடையில் 1718ன் புது எருசலேம் தேவாலயம், சீயோன் தேவாலயம், பள்ளிகள், விடுதியாக மாறிய பங்களாக்கள். படம் எடுக்க வருகிறவர்கள் பார்ப்பது இந்தப் பகுதியைத்தான். ஆனால் இங்கே தனியார் வீடு விற்பனைக்கு வருவது அபூர்வம். பெரும்பாலானவை கிறிஸ்தவ சபை, பள்ளி, அரசு, ஓட்டல் ஆகியவற்றின் கையில் இருக்கின்றன. உண்மையில் விலைக்கு வருபவை நான்கு வகை: உள் தெருக்களில் இருக்கும் திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடுகள், சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த குடியிருப்பு வீடுகள், பொறையார் பக்கம் எழுந்திருக்கும் புது கான்கிரீட் வீடுகள், நெடுஞ்சாலையை ஒட்டிக் கல் நட்டுப் போட்டிருக்கும் மனைகள். தரகர் நான்கையும் "பீச் ப்ராப்பர்ட்டி" என்றே சொல்வார்.

கூடவே "இது ஓசோன் காற்று சார்" என்றும் சொல்வார். கடற்கரையில் மணப்பது ஓசோன் இல்லை, பாசியும் கடல் நுண்ணுயிர்களும் விடுகிற வாயு. தரைமட்டத்தில் ஓசோன் உண்மையிலேயே அதிகமாக இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல். அதற்காகச் சென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

சுத்தியல் எடுத்துக்கொண்டு போங்கள்

கான்கிரீட் வீடு பார்க்கப் போகும்போது ஹாலையும் மாடுலர் கிச்சனையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சன்ஷேடின் அடிப்பக்கம். சின்னச் சுத்தியலால் அரை அடிக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் "டங்" என்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடம் பொத்தலாக, மண்பானைச் சத்தம் போடும். அப்புறம் பால்கனியின் அடிப்பக்கம், மாடிப்படியின் அடிப்பக்கம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, கழிவறைக்கு மேல் இருக்கும் தளம். கம்பி போகிற திசையிலேயே மயிரிழை விரிசல் ஓடினால், அதில் பழுப்புக் கறை இறங்கியிருந்தால், உள்ளே துரு வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும்.

புதுப் பெயின்ட் வாசனை அடிக்கிற வீட்டில் இன்னும் கவனம் தேவை. துருப்பிடித்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்து விற்பது இந்தக் கரையோரம் முழுக்க நடக்கும் வேலை. பூசிய இடம் இரண்டு மழைக்கு நன்றாகவே இருக்கும். பூச்சுக்குப் பக்கத்திலேயே, இதுவரை பாதிக்காத இடத்தில், புதிதாகத் துரு கிளம்பும். புதுப் பூச்சுக்குள் இருக்கும் கம்பியும் உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் சேர்ந்து ஒரு பேட்டரி போல வேலை செய்வதுதான் காரணம். முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஆகவே சரியான பழுதுவேலை என்றால் கம்பிக்குப் பின்னாலும் ஓர் அங்குலம் கொத்தி, கம்பியைப் பளபளக்கத் தேய்த்து, துத்தநாகப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். சன்ஷேடு ஒன்றிரண்டில் மட்டும் பாதிப்பு என்றால் விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். தூணிலும் உத்தரத்திலும் இருந்தால் நிலத்தின் விலைக்கு மட்டும் பேசுங்கள்.

புதிதாகக் கட்டுவதாக இருந்தால் கணக்கு இன்னும் தெளிவு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456ன்படி கடலோரச் சூழலில் நிற்கும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும் (எண் கூடினால் வலுவும் கூடும்), கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடலும் வேண்டும். அலைத்துளி நேரடியாகப் படும் இடம் என்றால் எம்35ம் 50 மி.மீட்டரும். ஊர் மேஸ்திரி வழக்கமாகப் போடும் 1:1½:3 கலவை எம்20தான். சட்டி அளவில் கலந்து எம்30 கொண்டுவர முடியாது. கலவைக் கணக்கை (மிக்ஸ் டிசைன்) பொறியாளரிடம் எழுதி வாங்கி, தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும்: 50 கிலோ மூட்டைக்கு, ஈர மணலில் இருப்பதையும் சேர்த்து, 22 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. தளத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான். "ஓடலை சார்" என்று ஒரு குடம் கூட ஊற்றினால் மூடல் எத்தனை மி.மீ. வைத்தும் பயனில்லை. ஓட்டம் வேண்டுமென்றால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் போடச் சொல்லுங்கள். உருக்காலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் உப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் 14 நாள் நீராற்ற வேண்டும். மூடல் அளவுக்குக் கம்பியைத் தாங்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் சொருகுவதைக் கண்டால் அன்றைய கான்கிரீட்டை நிறுத்துங்கள்.

கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதி. இங்கே பல கிணறுகள் கோடையில் அதைத் தாண்டிவிடும். கட்டட வேலைக்கு டேங்கர் தண்ணீர் வாங்குவதை வீண் செலவு என்று நினைப்பவர்கள் பத்தாவது ஆண்டில் சன்ஷேடை இடித்துப் போடுகிறார்கள்.

சின்னச் சாமான்களில் ஒரு விதி போதும்: இரும்பைக் குறையுங்கள். ஜன்னலுக்கு யு.பி.வி.சி. அல்லது நல்ல பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம். கிரில் வேண்டும் என்றால் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, கடையில் வெள்ளிப் பெயின்ட் அடித்து "ஜி.ஐ." (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று கொடுப்பது இல்லை. திருகாணியும் கீலும் 316 தர எவர்சில்வர். 304 தரத்தை வாங்கினால் முதல் தெருவில் சீக்கிரமே டீ சிந்தியது போலக் கறை படியும். ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். மேற்குச் சுவரில் மாட்டி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். எர்த்துக்கு ஜி.ஐ. பைப் புதைத்திருந்தால் அது எப்போதோ கரைந்துபோயிருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து அளக்கச் சொல்லி, செம்புக்கு மாற்றுங்கள். முதல் தெருவில் கிரில்லுக்கு ஆண்டுதோறும் பெயின்ட் செலவு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் வரும் உப்பு கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மூன்றாம் தெருவுக்கு நாங்கள் மதிப்பெண் கூட்டிப் போடுவதற்கு அதுதான் காரணம்.

ஓட்டு வீடு: கெடுப்பது சிமென்ட்

பழைய தெருக்களில் இருக்கும் திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம்) வைத்த வீடுகள்தான் எங்கள் பார்வையில் இந்த ஊரின் நல்ல சரக்கு. சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவருக்குள் கம்பியே இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. சுனாமிக்குப் பிறகு பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு கோல்ட்ஸ்மித் தெருவில் இப்படிப்பட்ட சில வீடுகளைச் சீர்படுத்தியது. விலை பேசும் முன் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து வாருங்கள். உங்கள் வீடு எப்படி ஆகலாம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்த வீடுகளைக் கொல்வது கடலைவிட "ரெனவேஷன்"தான். சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, எமல்ஷன் பெயின்டும் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரே ஏறி, பூச்சுக்குப் பின்னால் உப்பாக உறையும். உறையும்போது செங்கல்லின் முகத்தையே மாவாக்கிக் கொட்டும். சுவரில் மூன்று அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிய பழைய வீட்டைக் கண்டால் அழகுக்கு ஒட்டியதா, உதிர்கிற சுவரை மறைக்க ஒட்டியதா என்று பாருங்கள். டைல்ஸ் முடியும் கோட்டுக்கு மேலே சுவரை நகத்தால் சுரண்டினால் பதில் வந்துவிடும்.

மருந்து எளிதுதான், பொறுமை வேண்டும். சிமென்ட்டை முழுவதும் கொத்தி எடுங்கள். சுவரை ஒரு கோடை முழுக்க வெறுமனே விடுங்கள். உப்பு பூத்த இடத்தில் காகிதக் கூழை நல்ல தண்ணீரில் குழைத்து அப்பி, காய்ந்து தானே உரிந்ததும் எடுத்துத் தூர எறியுங்கள். இரண்டு மூன்று முறை அப்பினால் உப்பு குறையும். பிறகு குறைந்தது மூன்று நான்கு வாரம் ஊறிய சுண்ணாம்பில், ஒன்றுக்கு மூன்று மணல் என்ற கணக்கில் பூச்சு. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய வழக்கம், தெரிந்த கொத்தனார் கிடைத்தால் சேர்க்கச் சொல்லுங்கள். தெரியாதவரிடம் அளவு சொல்லிப் பரிசோதிக்க வேண்டாம், வெல்லம் கூடினால் எறும்பும் பூஞ்சையும்தான் வரும். மேலே வெள்ளையடிப்பு போதும்.

இன்னொன்று: தெருவில் நின்று திண்ணையைப் பாருங்கள். சாலை மேல் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, திண்ணை தாழ்ந்திருந்தால் ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் முற்றத்துக்குள் வந்து நிற்கும். சுவரைச் சரிசெய்யலாம், தரைமட்டத்தைத் தூக்குவது வேறு கணக்கு.

தண்ணீரை இரண்டு முறை சோதியுங்கள்

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால் கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏறி வர முயலும். "இருநூறு அடி போர் போட்டிருக்கு சார்" என்பது இந்த ஊரில் பெருமை இல்லை, எச்சரிக்கை. 15, 20 அடி உறைகிணறு, அரை எச்.பி. மோட்டார், காலை கால் மணி மாலை கால் மணி ஓட்டம்: இதுதான் நீடிக்கும்.

பார்க்கப் போகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு மி.கி. கணக்கில் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கையில் இருக்கட்டும், சில நூறு ரூபாய்தான். குழாயில் பிடித்த தண்ணீரை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஒரு பாட்டிலில் கல் கட்டி, தக்கையில் தனி நூல் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்கி, அங்கே தக்கையை இழுத்துத் தண்ணீர் பிடியுங்கள். மேல் தண்ணீர் 600, அடித் தண்ணீர் 2,500 என்று காட்டினால் அந்தக் கிணறு ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 500, வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை. மே கடைசியில் ஒருமுறை, பொங்கலுக்குப் பிறகு ஒருமுறை சோதியுங்கள். பொங்கல் அளவை மட்டும் நம்பி வாங்குவது தை மாதத்து மாப்பிள்ளையைப் பார்த்து ஆடி மாதத்துக்குத் தாலி வாங்குகிற கதை.

ஆர்.ஓ. வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு போகும், அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விட்டாலும் தோட்டம் கருகும். பேரூராட்சிக் குழாய் இணைப்பு பெயரளவில் இருக்கிறதா, தண்ணீரும் வருகிறதா என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். செப்டிக் டேங்க்கும் ஊறுகுழியும் கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சின்ன மனைகளில் உங்கள் வீட்டுக் குழி தள்ளியிருக்கும், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றோரம் இருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள்.

பத்திரம்

முதலில் அளவு. இது டெல்டா, ஊரார் பேசுவது குழியும் மாவும். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். தரகர் பேசுவது சென்ட், 435.6 சதுர அடி. பட்டாவில் இருப்பது ஹெக்டேரும் ஏரும், ஓர் ஏர் 1,076 சதுர அடி. பட்டாவில் 0-02.50 (0 ஹெக்டேர், 2.50 ஏர்) என்றிருந்தால் 2,690 சதுர அடி, ஆறு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல், 18½ குழிக்குக் கொஞ்சம் மேல். "இருபது குழி" என்று விலை பேசிவிட்டு இதைத் தருவார்கள். தவறு செய்யும் எண்ணமே இல்லாமல்கூட, வாய்க்கணக்கில் நழுவிப்போகும்.

அடுத்தது, தரை யாருடையது. காவிரிக் கரை ஊர்களில் அடிமனை என்றொரு ஏற்பாடு உண்டு: சுவரும் கூரையும் குடியிருப்பவருடையது, தரை கோயிலுடையது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, ஐம்பது ஆண்டு அனுபவம் எல்லாம் காட்டுவார்கள். அவை எதுவும் தரைக்கு உரிமை ஆகாது. கோயில், வக்ஃபு நிலங்களைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி சார்பதிவாளர் பதிய மறுப்பார். தரங்கம்பாடியில் இதோடு சபைச் சொத்தும் உண்டு. மிஷன் காலத்திலிருந்து கைமாறிய இடங்களில் மூலப் பத்திரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். "தாத்தா காலத்திலிருந்து இருக்கோம்" என்பதில் தொடங்கினால் வக்கீலிடம் போய்விட்டுத்தான் அடுத்த பேச்சு.

மூன்றாவது, இந்தக் கரைக்கே உரியது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் தள்ளிப்போய் அரசு தரும் புது வீட்டை எடுத்துக்கொண்டால், பழைய வீட்டையும் இடத்தையும் அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று 2005 மார்ச்சில் அரசாணை வந்தது. பல இடங்களில் பழைய சுவர் இன்னும் நிற்கிறது, ஆள்கூட இருக்கலாம். கடலுக்கு மிக அருகில், நம்ப முடியாத விலையில் ஓர் இடம் வருகிறது என்றால் முதல் கேள்வி: இந்தக் குடும்பம் சுனாமி வீடு வாங்கியதா? வாங்கியிருந்தால், விற்க அவர்களிடம் எதுவும் இல்லை. மறுபக்கம், சுனாமிக் குடியிருப்பு வீடுகளின் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுக்கப்பட்டது. ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. பட்டாவில் அச்சிட்ட நிபந்தனைகளை வரி விடாமல் வாசியுங்கள்.

வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்கு எடுப்பது வழக்கம். இணையத்தில் 1975 வரை கிடைக்கிறது, அதுவரை எடுங்கள். பழைய தெரு வீடுகளில் அதற்கும் முன்னால் போக வேண்டியிருக்கும், நேரில் மனு போட்டால் எடுத்துத் தருவார்கள். இந்த ஊர்களில் வாரிசுகள் சிங்கப்பூர், மலேசியா, பிரான்ஸ் என்று சிதறிக்கிடப்பார்கள். பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் ஒன்று விட்டுப்போனாலும் பத்து ஆண்டு கழித்து ஒரு பங்காளி வந்து நிற்பார். பெண் வாரிசுகளின் கையெழுத்துதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் என்றால் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். தேதியைப் பாருங்கள். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் வீடியோ அழைப்பில் பார்த்துவிடுங்கள், கூச்சப்படாதீர்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விலை 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் வாங்குபவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

சாலையோர மனைகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் இரண்டும் இல்லாவிட்டால் திரும்பிவிடுங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அனுமதியில்லா மனை என்றால் வரன்முறைப்படுத்திய உத்தரவைக் கேளுங்கள். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைக்கு எடுத்த நிலத்தின் சர்வே எண்களோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9.

கடலோரச் சட்டம்

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை சி.ஆர்.இசட்., அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். தரங்கம்பாடி பேரூராட்சி என்பதால் "டவுன் சார், எல்லாம் இரண்டாம் மண்டலம்" என்பார்கள். மனைகளில் பாதிக்கு மேல் கட்டடம், சாலை, வடிகால் எல்லாம் இருக்கும் பகுதிதான் இரண்டாம் மண்டலம். காலி நிலமும் தோப்புமாக இருக்கும் ஓரங்கள் மூன்றாம் மண்டலத்தில் விழக்கூடும். இரண்டாம் மண்டலத்தில், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதுக் கட்டடம் எழுப்பலாம். மூன்றாம் மண்டலத்தில் கரையை ஒட்டிய பகுதியில் புதுக் கட்டுமானமே கிடையாது. அந்தப் பகுதி 2011 அறிவிக்கையில் 200 மீட்டர், 2019 அறிவிக்கையில் மக்கள் நெருக்கத்தைப் பொறுத்து 50 அல்லது 200 மீட்டர். அங்கே ஏற்கெனவே அனுமதியோடு நிற்கும் வீட்டை அதே அளவில் பழுது பார்க்கலாம், திரும்பக் கட்டலாம், பெரிதாக்க முடியாது. அலுவலகத்தில் எந்த ஆண்டின் வரைபடத்தை வைத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் சர்வே எண்ணுக்கு 1:4000 அளவில் வரைபடம் போட்டுத் தரும். செலவு உண்டு, ஆனால் கரையோர மனைக்கு அதுதான் கண்ணாடி. இந்த 500 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு.

சட்டம் அனுமதித்தாலும் கடல் அனுமதிக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல்லைக் கொட்டி ஒரு தடுப்புச் சுவரைக் கடலுக்குள் நீட்டினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் கரைந்ததும் இதனால்தான். வாங்கப்போகும் இடம் எந்தத் தடுப்புச் சுவருக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றிருப்பதை ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வந்தால் "பீச் டச்" என்ற சொல்லுக்கு வேறு பொருள் தோன்றும்.

வாழ்வதற்கு எப்படி

வாழ 5க்கு 4 கொடுக்கலாம், நிபந்தனையோடு. அன்றாடச் சாமானுக்குப் பொறையார், பெரிய கடைக்குக் காரைக்கால், சுமார் 15 கி.மீ. பெரிய ரயில் சந்திப்பு வேண்டுமென்றால் சுமார் 30 கி.மீ. போய் மயிலாடுதுறை. அங்கிருந்து தரங்கம்பாடிக்கு வந்துகொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில் 1980களில் நின்றது, தடத்தை இன்னும் பெரியவர்கள் கைகாட்டுவார்கள். பொறையாரில் அரசு மருத்துவமனை உண்டு. நெஞ்சுவலி என்றால் காரைக்காலோ மயிலாடுதுறையோதான். வயதான பெற்றோரோடு குடியேறுகிறவர்கள் இரவு இரண்டு மணிக்கு வண்டி கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவையுங்கள்.

மீன் மலிவு என்று வருகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாத 61 நாளை மறந்துவிடுகிறார்கள். அப்போது நாட்டுப்படகில் வருவதுதான், விலையும் அப்படி. மற்ற நாட்களில் ஏலத்துக்குக் காலையிலேயே போனால் சங்கராவும் கிழங்கானும் கண் முன்னே துள்ளும். கரை ஊரின் தொழிலிடம் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் புரிந்துகொள்வதில்லை. வீட்டுக்கு முன்னால் வலை காயும், கருவாடு காயும், படகு ஏறும். "வியூவை மறைக்கிறது" என்று மனு கொடுத்தால் மீனவப் பஞ்சாயத்தார் உங்களைப் பார்க்கும் பார்வை அன்றோடு மாறிவிடும். கரைக்குப் போகும் வழிநடைப் பாதை உங்கள் மனை வழியே போகிறதா என்று வாங்கும் முன்பே அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது வேலி போட்ட பிறகு சண்டை போடுவதைவிட மேல்.

காப்பீடு எடுங்கள். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளம், சுனாமி மூன்றும் அடங்கும். துருவும் உப்பும் அடங்காது.

முடிந்தால் முதலில் ஒரு வாடகை வீடு எடுத்து ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் இருந்து பாருங்கள். வாடைக்காற்றில் எந்த ஜன்னலைத் திறக்க முடியவில்லை, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, மின்சாரம் எத்தனை மணி நேரம் போகிறது என்பது வைகாசியில் வந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. விலை பேசவும் அந்த மாதங்கள்தான் நல்லது. சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று விற்பவருக்கும் சேர்த்தே தெரியும். முன்பணம் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். சி.ஆர்.இசட். வரைபடத்தில் இடம் தடைப் பகுதியில் விழுந்தால் முன்பணம் திரும்ப வரும் என்று அதிலேயே எழுதுங்கள். பட்டாவின் ஏர் கணக்கும் டேப்பில் அளந்த அடிக் கணக்கும் ஒத்துவராவிட்டால், சர்வேயர் வந்து அளந்து நான்கு மூலையிலும் கல் நட்ட பிறகே மீதிப் பணம்.